டேஞ்சரின் ட்ரீமும் மெட்டல் இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெட்டல் கேட்கிற நண்பர்கள் பல வருடங்களாக என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கேள்வியின் அடியில் இருக்கும் சந்தேகம் எப்போதும் ஒன்றுதான்: பெர்லினில் சின்தசைசர் (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி) முன்னால் அசையாமல் உட்கார்ந்து வாசித்த மூன்று பேருக்கும், இரட்டை பாஸ் ட்ரம் அடித்து உறுமுகிற இசைக்கும் என்ன உறவு? உறவு உண்டு. அதில் சில இடங்களை ஆல்பம், வருடம், ஸ்டூடியோ என்று குறித்தே காட்ட முடியும். முடிந்தவரை அப்படியே காட்டுகிறேன்.

டேஞ்சரின் ட்ரீம் என்பது யார்?

மேற்கு பெர்லினில் 1967-ல் எட்கர் ஃப்ரோஸ தொடங்கிய குழு. ஃப்ரோஸ 1944 ஜூன் 6 அன்று டில்சிட் என்ற ஊரில் பிறந்தார். அப்போது கிழக்கு பிரஷ்யாவில் இருந்த அந்த ஊர் இப்போது ரஷ்யாவில், சோவெட்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது. பெர்லினில் கலை படித்தவர், கிதார் வாசிப்பவர். முதலில் 'தி ஒன்ஸ்' என்றொரு ராக் குழு வைத்திருந்தார். ஸ்பெயினில் கடலோரம் இருந்த சால்வடோர் டாலியின் வீட்டில் அந்தக் குழு வாசித்திருக்கிறது. நினைத்ததை எல்லாம் கலையாக்கத் துணிகிற டாலியைப் பக்கத்திலிருந்து பார்த்தது தன்னை மாற்றிவிட்டது என்பதை ஃப்ரோஸ பின்னாளில் பலமுறை சொன்னார்.

குழுவில் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். 2015-ல் இறக்கும்வரை மாறாமல் இருந்தவர் ஃப்ரோஸ மட்டும்தான். இங்கே அதிகம் வரப்போவது 1970களின் மூவர் அணி: ஃப்ரோஸ, கிறிஸ்டோபர் ஃப்ராங்க, பீட்டர் பவ்மன்.

மின்னணு இசையின் முன்னோடி என்கிறீர்கள். முதல் ஆல்பத்தில் சின்தசைசரே இல்லையாமே?

ஆமாம், ஒன்றுகூட இல்லை. 1970-ல் வெளிவந்த 'எலெக்ட்ரானிக் மெடிட்டேஷன்' ஆல்பத்தைப் பெர்லினில் வாடகைக்கு எடுத்த ஒரு தொழிற்சாலைக் கூடத்தில், சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். ஃப்ரோஸ கிதார், கிளாவுஸ் ஷுல்ட்ஸ ட்ரம்ஸ், கொன்ராட் ஷ்னிட்ஸ்லர் செல்லோவும் வயலினும். இசைக்கருவியோடு நிற்காமல் கைக்குக் கிடைத்த பொருள்களின் சத்தத்தையும் சேர்த்தார்கள். போட்டுக் கேட்டால் தியானம் மாதிரியே இருக்காது. கிதார் அலறுகிறது, ட்ரம்ஸ் சரிகிறது. சத்தத்தைப் பொறுத்தவரை இவர்களின் ஆல்பங்களிலேயே மிகவும் முரட்டுத்தனமானது இதுதான்.

மெட்டல் ரசிகர்களுக்கு இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மென்மையான இசை செய்துகொண்டிருந்தவர்கள் தற்செயலாக மெட்டலுக்குப் பிடித்துப்போனார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியில்லை. இரைச்சலில் தொடங்கி, அந்த இரைச்சலின் கனத்தை மெதுவாக வேறு கருவிகளுக்கு மாற்றியவர்கள் இவர்கள்.

'ஸோடியாக்' என்று ஒரு இடம் அடிக்கடி பேச்சில் வருகிறதே?

மேற்கு பெர்லினின் க்ரொய்ட்ஸ்பெர்க் பகுதியில், ஹாலெஷஸ் ஊஃபர் தெருவில், ஷௌப்யூனே நாடக அரங்கின் பின்பக்கத்தில் 1960களின் கடைசியில் சில மாதங்கள் மட்டும் நடந்த இடம். ஷ்னிட்ஸ்லரும் ஹான்ஸ் யோவாகிம் ரோடேலியஸும் சேர்ந்து தொடங்கினார்கள். ஒரு அறை முழுக்க வெள்ளை, இன்னொன்று முழுக்கக் கறுப்பு. யார் வேண்டுமானாலும் வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாசிக்கலாம். டேஞ்சரின் ட்ரீம் அங்கே மணிக்கணக்கில் வாசித்துப் பழகியது.

ஷ்னிட்ஸ்லர் ஜெர்மன் கலைஞர் யோசப் பாய்ஸிடம் சிற்பம் படித்தவர். ராகம், தாளம், மேடை நாகரிகம் எதையும் பொருட்படுத்தாதவர். முதல் ஆல்பத்தோடு குழுவிலிருந்து விலகிவிட்டார். ஆனால் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருவார்.

'ட்சைட்' ஆல்பத்தை மெட்டல் ஆட்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

'ட்சைட்' என்றால் ஜெர்மனில் காலம். 1972-ல் வந்த இரட்டை ஆல்பம். நான்கு பக்கங்கள், பக்கத்துக்கு ஒரே இசைத்துண்டு, மொத்தம் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ட்ரம்ஸ் கிடையாது. நான்கு செல்லோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாழ்ந்த சுரங்களில் உரசிக்கொண்டே தொடங்கும். பொப்பல் ஃபூ குழுவின் ஃப்ளோரியன் ஃப்ரிக்க விருந்தாளியாக வந்து மூக் சின்தசைசர் வாசித்திருக்கிறார்.

அந்த முதல் பக்கத்தை இரவில், நல்ல ஹெட்போனில், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேட்டுப் பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் 'எப்போது ஆரம்பிக்கும்' என்று தோன்றும். பத்தாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி போய்விடும். நெஞ்சில் ஏதோ வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம் இருக்கும். மிக மெதுவாக, கனமாக நகரும் டூம், ட்ரோன் மெட்டல் கேட்பவர்களுக்கு இந்தப் பாரம் பழக்கமானது. அங்கே அதைத் தருவது தாழ்த்திச் சுருதி சேர்த்த கிதாரும் சுவர் மாதிரி அடுக்கிய ஆம்ப்ளிஃபையரும். இங்கே நான்கு செல்லோவும் ஒரு மூக் சின்தசைசரும் ஓர் ஆர்கனும் அதைச் செய்துவிட்டன. இசை கனமாக ஒலிக்க வேகமோ டிஸ்டார்ஷனோ (கிதார் ஒலியின் கரகரப்போ) கட்டாயமில்லை, தாழ்ந்த சுரமும் நீண்ட நேரமும் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம் சொன்னால் பலர் நம்புவதில்லை. 'ட்சைட்' பதிவானது கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஸ்டொம்மெல்ன் என்ற சின்ன ஊரில், டீட்டர் டியர்க்ஸின் ஸ்டூடியோவில். டியர்க்ஸ் யார்? 1975 முதல் 1988 வரை ஜெர்மனியின் ஸ்கார்ப்பியன்ஸ் ராக் குழுவின் ஆல்பங்களைத் தயாரித்த அதே டியர்க்ஸ். ஜெர்மன் மெட்டல் குழுவான அக்செப்ட் 1982-ல் 'ரெஸ்ட்லெஸ் அண்ட் வைல்ட்' ஆல்பத்தைப் பதிவு செய்ததும் அவருடைய ஸ்டூடியோவில்தான். ஸ்பீட் மெட்டலின் தொடக்கப் பாடல்களில் ஒன்றாகப் பலர் சொல்லும் 'ஃபாஸ்ட் ஆஸ் எ ஷார்க்' அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. டேஞ்சரின் ட்ரீம் மாதிரியான ஜெர்மன் விண்வெளி இசையும் ஜெர்மன் ஹெவி மெட்டலும் ஒரே கூரையின்கீழ் பதிவானவை. இதை வைத்து ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று சொல்ல மாட்டேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்து உலகங்கள் என்பது மட்டும் இதில் தெரிகிறது.

சீக்வென்சர் என்றால் என்ன? அதை ரிஃப்போடு (கிதாரில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசை வரியோடு) ஒப்பிடுவது சரியா?

சரி என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய இடம் இது.

மூக் மாடுலர் சின்தசைசரின் சீக்வென்சரில் வரிசையாக எட்டு இடங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் குமிழ்கள் இருக்கும். குமிழைத் திருப்பினால் அந்த இடத்தின் மின்னழுத்தம் மாறும், அதற்கேற்பச் சுரம் மாறும். உள்ளே ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அது முதல் இடத்திலிருந்து எட்டாவது வரை நடந்து மறுபடி முதலுக்கு வரும். இப்படி எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரு சின்ன வட்டம் ஓயாமல் சுற்றும். வாசிப்பவர் கையால் ஒரே ஒரு குமிழை லேசாகத் திருகினால் வட்டத்தில் ஒரு சுரம் மட்டும் நகரும். கேட்பவருக்குத் தரையே கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கும்.

இப்போது வேகமான மெட்டலான த்ராஷின் ஒரு ரிஃப்பை யோசியுங்கள். கிதார்காரர் வலது உள்ளங்கையைத் தந்திகள்மேல் அழுத்திவைத்து அடிக்கும்போது மங்கலான 'டுக் டுக்' கேட்கும். கையை எடுத்தால் முழு ஓசை திறக்கும். சின்தசைசரில் ஃபில்டர் செய்வதும் இதே வேலைதான். மூடினால் மங்கல், திறந்தால் பளிச். 'ரூபிகான்' ஆல்பத்தில் சீக்வென்சர் ஓடும் இடங்களில் ஃபில்டர் மெதுவாகத் திறப்பதைக் கவனியுங்கள். அப்படி உள்ளங்கையால் அடக்கிய (பாம் மியூட் செய்த) ரிஃப் ஒன்று பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு விரிகிற உணர்வு வரும்.

இந்தச் சீக்வென்சரை இயக்கிய ஃப்ராங்க அடிப்படையில் ஒரு ட்ரம்மர். ஆஜிட்டேஷன் ஃப்ரீ என்ற குழுவில் ட்ரம்ஸ் வாசித்துவிட்டு இங்கே வந்தவர். அவருக்கு முன்பு இந்தக் குழுவில் இருந்த ஷுல்ட்ஸவும் ட்ரம்மர்தான். அவர் வெளியேறி, தனி ஆளாகச் சின்தசைசர் இசையின் இன்னொரு தூணாக ஆனார். 'பெர்லின் பள்ளி' என்று பிறகு பெயர் பெற்ற இந்த இசைப் பாணியின் துடிப்பை உருவாக்கியவர்கள் இரண்டு ட்ரம்மர்கள். அதனால்தான் அந்த எட்டுச் சுர வட்டத்தில் இயந்திரத்தின் குளிர்ச்சியைவிட, அடித்துப் பழகிய ஒரு கையின் திமிர் அதிகம் கேட்கிறது.

'ஃபீட்ரா' பதிவின்போது கருவி பழுதானதாகச் சொல்கிறார்களே?

பழுது என்பதைவிடக் கருவியின் குணம் என்று சொல்லலாம். 1973 கடைசியில், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் இருந்த மேனர் ஸ்டூடியோவில், வர்ஜின் நிறுவனத்துக்காக முதல் ஆல்பம் செய்தார்கள். அந்தக் கால மூக் சின்தசைசரில் எதையும் சேமித்து வைக்க முடியாது. தினமும் காலையில் சுருதி சேர்க்கவே மணிக்கணக்கில் ஆகும். கருவி சூடாகச் சூடாகச் சேர்த்த சுருதி மறுபடி விலகும். தலைப்பு இசைத்துண்டின் பின்பகுதியில் சுருதி நழுவுவது அப்படி வந்ததுதான். அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது இரண்டாம் பக்கத்தின் முதல் துண்டு. ஃப்ரோஸ மெலோட்ரானில் (டேப்பில் பதிந்த வயலின் போன்ற ஒலிகளை ஒலிக்கும் கீபோர்டில்) தனியாக வாசித்தார். பக்கத்தில் நின்று எஃபெக்ட் கருவியின் குமிழைத் திருப்பியவர் அவர் மனைவி மோனிகா. அந்த மங்கிய வயலின் அலைகளைப் பிற்காலத்து அட்மாஸ்ஃபெரிக் பிளாக் மெட்டலின் (இருண்ட, கத்தலான மெட்டலில் சூழல் ஒலி கலந்த வகையின்) கீபோர்டு அடுக்குகளோடு வைத்துக் கேளுங்கள். அதே பனிமூட்டம் இரண்டிலும் இருக்கும்.

'ஃபீட்ரா' 1974 பிப்ரவரியில் வெளிவந்து பிரிட்டன் பட்டியலில் 15-வது இடம் வரை போனது. பாடலும் இல்லை, பாடகரும் இல்லை. அடுத்த வருடம் வந்த 'ரூபிகான்' 10-வது இடம் வரை போனது.

ராக் ரசிகர்கள் இவர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பெரிய பங்கு பிபிசி வானொலியின் ஜான் பீலுக்கு. இவர்களின் 'ஆட்டெம்' ஆல்பத்தை 1973-ன் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்து விடாமல் ஒலிபரப்பினார். வர்ஜின் ஒப்பந்தம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. அப்புறம் தேவாலயக் கச்சேரிகள். 1974 டிசம்பரில் பிரான்ஸின் ரீம்ஸ் பேராலயத்தில் பாடகி நிக்கோவோடு வாசித்தபோது இடம் கொள்ளாத கூட்டம். இருட்டில், கல் தூண்களுக்கு நடுவில் இந்த இசை ஒலித்ததை யோசித்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

மேஹெம் குழுவின் ஆல்பத்தில் டேஞ்சரின் ட்ரீம் ஆள் இருக்கிறார் என்பது உண்மையா?

உண்மை. இந்த முழு உறவிலும் மிக நேரடியான சான்று இது.

நார்வேயின் மேஹெம் 1984-ல் தொடங்கிய குழு. பிளாக் மெட்டலின் இரண்டாம் அலைக்கு அவர்கள்தான் மையம். 1987-ல் 'டெத்க்ரஷ்' என்ற சிறு ஆல்பத்தை முதலில் 1000 பிரதிகள் மட்டும் போட்டார்கள். அதன் முதல் துண்டின் பெயர் 'சில்வெஸ்டர் அன்ஃபாங்'. ஜெர்மனில் சில்வெஸ்டர் என்றால் புத்தாண்டுக்கு முந்தின இரவு, அன்ஃபாங் என்றால் தொடக்கம். அதில் கிதாரே இல்லை. தாளக் கருவிகள் மட்டும் ஒரு விநோதமான அணிவகுப்பு மாதிரி முன்னேறி வரும். அதைச் செய்தவர் கொன்ராட் ஷ்னிட்ஸ்லர். ஸோடியாக் தொடங்கிய, 'எலெக்ட்ரானிக் மெடிட்டேஷன்' ஆல்பத்தில் செல்லோ வாசித்த அதே ஷ்னிட்ஸ்லர்.

மேஹெமின் கிதார்காரர் யூரோனிமஸ் ஜெர்மன் மின்னணு இசையின் தீவிர ரசிகர். 1937-ல் பிறந்த ஷ்னிட்ஸ்லருக்கு அப்போது கிட்டத்தட்ட 50 வயது. அவரைத் தேடிப் பிடித்து, தங்கள் குழுவுக்கு ஏதாவது தரும்படி கேட்டார். ஷ்னிட்ஸ்லர் ஏற்கெனவே செய்து வைத்திருந்த இசையிலிருந்து இதைக் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். பெர்லினின் ஒரு மூத்த சோதனைக் கலைஞர், நார்வேயிலிருந்து வந்த ஒரு பதின்வயதுப் பையனுக்குத் தயங்காமல் தன் இசையைத் தருகிறார்.

யூரோனிமஸ் 1993-ல் கொலை செய்யப்பட்டார். ஷ்னிட்ஸ்லர் 2011-ல் காலமானார். இன்றும் மேஹெம் மேடையில் 'டெத்க்ரஷ்' வாசிக்கும்போது முன்னால் அந்த அணிவகுப்பு ஒலிக்கிறது. கீழே நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அது பெர்லினிலிருந்து வந்தது என்று தெரியும்? தெரிந்தால் இன்னும் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நார்வேயில் இந்தப் பாதிப்பு மேஹெமோடு நின்றுவிட்டதா?

இல்லை. டார்க்த்ரோன் குழுவின் ஃபென்ரிஸ் 'நெப்டியூன் டவர்ஸ்' என்ற பெயரில் தனியாக இரண்டு ஆல்பங்கள் செய்தார்: 1994-ல் 'கேரவன்ஸ் டு எம்பயர் ஆல்கோல்', 1995-ல் 'டிரான்ஸ்மிஷன்ஸ் ஃப்ரம் எம்பயர் ஆல்கோல்'. இரண்டிலும் கிதார், ட்ரம்ஸ், கத்தல் எதுவும் இல்லை. ஆல்பத்துக்கு இரண்டு நீண்ட சின்தசைசர் துண்டுகள், அவ்வளவுதான். பழைய பெர்லின் பாணிக்கு நேரடி வணக்கம்.

அதே 1994-ல்தான் டார்க்த்ரோனின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' வந்தது. அதில் ட்ரம்ஸ் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. கிதார் ரிஃப் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து, கேட்பவர் எதிர்பார்க்காத ஒரு நொடியில் ஒரு சுரம் நகரும். இது என் சொந்த அபிப்பிராயம்: அந்த ஆல்பத்தை ஒரு சீக்வென்சர் ஆல்பமாகக் கேட்டால் அது இன்னும் நன்றாகப் புரிகிறது. இரண்டும் ஒரே ஆளின் தலைக்குள் ஒரே காலத்தில் ஓடிக்கொண்டிருந்த இசை.

முன்னோடி என்றால் கிராஃப்ட்வெர்க்தானே?

அவர்களும்தான். ஆனால் இரண்டு குழுக்களிடமிருந்தும் மெட்டல் எடுத்துக்கொண்டது வெவ்வேறு பொருள். டுஸ்ஸெல்டார்ஃபில் ரால்ஃப் ஹ்யூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் 1970-ல் தொடங்கிய கிராஃப்ட்வெர்க் சுருக்கமான பாடல், கச்சிதமான தாளம், மனித இயந்திரம் என்ற தோற்றம் ஆகியவற்றைத் தந்தது. இயந்திரச் சத்தத்தை இசையாக்கும் இண்டஸ்ட்ரியல் பக்கம் போனவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் பிக் பிளாக் 1987-ல் அவர்களின் 'தி மாடல்' பாடலைக் கரடுமுரடான கிதாரில் வாசித்தது. ஜெர்மன் மெட்டல் குழுவான ராம்ஸ்டைன் அதே பாடலின் ஜெர்மன் வடிவத்தை 1997-ல் சிங்கிளாகவே வெளியிட்டது. கிராஃப்ட்வெர்க்கின் சொந்த ஊரிலிருந்து வந்த டீ க்ருப்ஸ் குழு 1980-ல் சின்தசைசரும் உலோகச் சத்தமுமாகத் தொடங்கி, 1992-ல் மெட்டாலிக்கா பாடல்களை மின்னணு வடிவில் வெளியிட்டு, அப்புறம் மெட்டல் கிதாரையே சேர்த்துக்கொண்டது.

டேஞ்சரின் ட்ரீமிடமிருந்து வந்தது நீளமும் இருட்டும். ராம்ஸ்டைன் பக்கம் கேட்பவருக்குக் கிராஃப்ட்வெர்க், பிளாக், டூம், டெத் மெட்டல் பக்கம் கேட்பவருக்கு டேஞ்சரின் ட்ரீம் என்று தோராயமாகச் சொல்லலாம்.

சினிமா இசைக்கு இதில் பங்கு உண்டா?

நிறையவே உண்டு. வில்லியம் ஃப்ரீட்கின் 1977-ல் எடுத்த 'சார்சரர்' படத்துக்கு, காட்சிகளைப் பார்க்காமல் கதையை மட்டும் படித்துவிட்டு இசையமைத்து அனுப்பினார்கள். இவர்களை முன்பே தெரிந்திருந்தால் 'எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கே கேட்டிருப்பேன் என்பது ஃப்ரீட்கினின் கருத்து. மைக்கேல் மான் 1981-ல் 'தீஃப்', 1983-ல் 'தி கீப்' ஆகியவற்றுக்கு இவர்களை அழைத்தார். கேத்ரின் பிகலோவின் ரத்தக்காட்டேரிப் படமான 'நியர் டார்க்' 1987-ல் வந்தது. வீடியோ கேசட்டில் திகில் படம் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, ஆல்பம் வாங்காமலேயே இந்த ஒலி காதில் ஏறிவிட்டது. டெத் மெட்டல் வளர்ந்ததும் கிட்டத்தட்ட அதே கேசட் அலமாரிகளுக்கு முன்னால்தானே?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஸோம்பி குழு இதற்கு நல்ல உதாரணம். இரண்டே பேர், சின்தசைசர், பாஸ், ட்ரம்ஸ். திகில் பட இசையின் வாரிசுகள். இத்தாலியின் காப்ளின் குழுவுக்கும் அவர்கள் கடன்பட்டவர்கள். அவர்களின் 2004 ஆல்பம் 'காஸ்மோஸ்' வெளியானது டெத் மெட்டலுக்கும் கிரைண்ட்கோருக்கும் பெயர் போன ரிலாப்ஸ் நிறுவனத்தில். மெட்டல் கடையில் சீக்வென்சர் ஆல்பம் விற்பது அப்போது புதிது.

மெட்டல் குழுக்கள் முழுக்கச் சின்தசைசர் ஆல்பம் போட்டிருக்கின்றனவா?

போட்டிருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவிலிருந்து வந்த வுல்வ்ஸ் இன் தி த்ரோன் ரூம் 2011-ல் 'செலஸ்டியல் லினியேஜ்' என்ற பிளாக் மெட்டல் ஆல்பம் போட்டது. 2014-ல் அதன் துணை ஆல்பமாக வந்த 'செலஸ்டைட்' கிட்டத்தட்ட முழுக்கச் சின்தசைசர் இசை. வந்தபோது ரசிகர்களில் பாதிப்பேர் ஏமாந்துபோனார்கள். எனக்கும் முதலில் ஒட்டவில்லை. சில மாதம் கழித்து 'ட்சைட்' கேட்ட கையோடு அதைப் போட்டேன். அன்றுதான் பிடித்துப்போனது.

பிளட் இன்கன்டேஷன் பற்றிச் சொல்லுங்கள்.

இந்த உறவின் இன்றைய முகம் அவர்கள். கொலராடோவின் டென்வர் நகரத்து டெத் மெட்டல் குழு. 2019-ல் வந்த 'ஹிடன் ஹிஸ்டரி ஆஃப் தி ஹ்யூமன் ரேஸ்' ஆல்பத்தில் 18 நிமிடத் துண்டு ஒன்று இருந்தது. 2022-ல் 'டைம்வேவ் ஸீரோ' என்று முழுக்க ஆம்பியன்ட் (மெதுவாக மிதக்கும் சூழல் இசை) ஆல்பம் போட்டார்கள். அதைக் கேட்டவர்களுக்கு அவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் ஊரையே தேடிப் போனார்கள். 2024 அக்டோபரில் வெளியான 'ஆப்ஸல்யூட் எல்ஸ்வேர்' ஆல்பத்தை ஆர்தர் ரிஸ்க் தயாரிப்பில் பெர்லினின் ஹான்ஸா ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். மொத்தம் இரண்டே இசைத்துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்று பகுதிகள். 'தி ஸ்டார்கேட்' என்ற முதல் துண்டின் இரண்டாம் பகுதியில் சின்தசைசர் வாசித்திருப்பவர் தோர்ஸ்டன் க்வெஷ்னிங். இன்றைய டேஞ்சரின் ட்ரீமின் தலைவர் அவர்தான்.

முதல் பகுதி டெத் மெட்டலாகப் பாய்ந்து முடியும். உடனே தரை விலகி, சீக்வென்சர் துடிக்கத் தொடங்கும். மெலோட்ரான் எழும்பும். சில நிமிடங்களுக்கு நாம் 1970களின் நடுவில் இருப்போம். மூன்றாம் பகுதியில் மறுபடி மெட்டல் வந்து இறங்கும்போது அது முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். மெட்டல் குழுக்கள் பல வருடங்களாகச் சின்தசைசரை முன்னுரையாகவும் இடைவேளையாகவும்தான் வைத்திருந்தன. இங்கே அது பாட்டின் முதுகெலும்பாகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை மேஹெமுக்கு ஷ்னிட்ஸ்லர் கொடுத்த அந்த அணிவகுப்பிலிருந்து 37 வருடம் நடந்து வந்து சேர்ந்த இடம் இது.

ஒபெத், போர்க்குபைன் ட்ரீ போன்றவர்களுக்கும் தொடர்பு உண்டா?

போர்க்குபைன் ட்ரீ குழுவின் தலைவர் ஸ்டீவன் வில்சன் வழியாக உண்டு. அவர் 'ட்சைட்' ஆல்பத்தின் பெரிய ரசிகர், பல இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறார். 2001-ல் ஸ்வீடன் மெட்டல் குழுவான ஒபெத்தின் 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தைத் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர். 2019-ல் டேஞ்சரின் ட்ரீமின் வர்ஜின் காலப் பதிவுகள் பெட்டித் தொகுப்பாக வந்தபோது 'ஃபீட்ரா' ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்ததும் அவர்தான்.

எதிர்த்திசையிலும் ஏதாவது வந்ததா? அவர்களுக்குக் கன இசை பிடித்திருந்ததா?

ஃப்ரோஸ கடைசிவரை கிதார்காரர். ராக் கிதார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்மேல் அவருக்கு இருந்த அன்பு மறைவானதல்ல. 1993-ல் வந்த '220 வோல்ட் லைவ்' ஆல்பத்தில் ஹென்ட்ரிக்ஸின் 'பர்ப்பிள் ஹேஸ்' பாடலை மின்கிதாரோடு வாசித்திருக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே, 1979-ன் 'ஃபோர்ஸ் மஷோர்' ஆல்பத்தில் ட்ரம்ஸும் கிதாரும் நன்றாகவே முன்னால் வந்துவிட்டன.

குழு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. ஃப்ரோஸ 2015 ஜனவரி 20 அன்று வியன்னாவில் காலமான பிறகு க்வெஷ்னிங் பொறுப்பேற்றார். 2005-லிருந்தே குழுவில் இருப்பவர். வயலின் வாசிக்கும் ஹோஷிகோ யாமானே, 2020-ல் சேர்ந்த பால் ஃப்ரிக் ஆகியோர் உடன் இருக்கிறார்கள். 2017-ல் 'குவாண்டம் கேட்', 2022-ல் 'ரௌம்' ஆல்பங்கள் வந்தன. தொடக்க கால ஆட்கள் யாரும் இல்லாத குழுவை அதே பெயரில் அழைக்கலாமா என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இவர்கள் மேடையில் முன்கூட்டி எழுதாமல் நீண்ட நேரம் வாசிக்கும் பழைய பழக்கத்தை மீட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது போதும் எனக்கு.

மெட்டல் மட்டும் கேட்டவர் எங்கிருந்து தொடங்கலாம்?

நீங்கள் கேட்கும் மெட்டலைப் பொறுத்தது. த்ராஷ், டெத் என்றால் 'ரூபிகான்', அப்புறம் மேடைப் பதிவுகளிலிருந்து உருவான 'ரிக்கொஷே'. இரண்டும் 1975. 'ரிக்கொஷே' இரண்டாம் பகுதி ஒரு சின்னப் பியானோவில் தொடங்கி, சீக்வென்சர்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்துக்குப் போகும். அங்கே தலை தானாக ஆடும். பிளாக் மெட்டல் கேட்பவர்கள் 'ஃபீட்ரா'. சத்தமும் குழப்பமும் பிடிக்கும் என்றால் 'எலெக்ட்ரானிக் மெடிட்டேஷன்'. திகில் படப் பிரியர்கள் 'சார்சரர்'.

டூம், ட்ரோன் கேட்பவர்கள் நேராக 'ட்சைட்' போகலாம், ஆனால் அதைப் பகலில் பஸ்ஸில் கேட்க வேண்டாம். வீடு அடங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, முதல் பக்கத்தை மட்டும் போடுங்கள். சுமார் 20 நிமிடம். செல்லோக்கள் ஓய்ந்து ஃப்ரிக்கவின் மூக் சின்தசைசர் உள்ளே வரும் நேரத்தில் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், மீதி மூன்று பக்கங்களையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.